மணியை யாரிடம் விட்டுப் போவது?

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைக் கிராமத்திலிருந்து பேச வந்திருக்கிறேன். எங்கள் ஊரில் நாய் இல்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கல்யாணம், காதுகுத்து, மகளுக்குப் பிரசவம் என்று நாலு நாள் மலை இறங்க வேண்டி வந்தால் அந்த நாயை யார் பார்ப்பது? கோயம்புத்தூரில் காசு கொடுத்தால் நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ள இடம் உண்டு. நமக்கு அக்கம்பக்கம்தான்.

"நீங்க போயிட்டு வாங்க டீச்சர், நான் பார்த்துக்கறேன்" என்று எல்லோரும் மனதாரச் சொல்வார்கள். எங்கள் மணியையும் அப்படித்தான், நன்றாகப் பழகிய ஒருவர் வீட்டில் விட்டுப் போனோம். சோறு, பால் எதிலும் அவர் குறை வைக்கவில்லை. ராத்திரி மட்டும் திண்ணைத் தூணில் கட்டிப் போட்டிருக்கிறார். சிறுத்தை வந்துவிட்டது. மணி இழுத்த இழுப்பில் கழுத்துப்பட்டையின் பழைய கொக்கி பிய்ந்துகொண்டது, அதனால் பிழைத்தான். இரண்டு நாள் தேடி, ஒரு தேயிலைச் செடிக்கு அடியில் சுருண்டு கிடந்தவனைக் கண்டுபிடித்தோம். கூப்பிட்டால் வரவில்லை. தரையில் படுத்துக் கையை உள்ளே நீட்டினேன். முன்னங்கால் நகம் இரண்டு உடைந்திருந்தது. திரும்பி வந்து பார்த்தால், திண்ணைக் கதவின் கீழ்ப்பலகை முழுக்கப் புதுக் கீறல்கள்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மணி எங்கள் வீட்டில் உள்ளேதான் படுப்பான் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவில்லை. நம் மலையில் சிறுத்தை ஊருக்குள் வருவதே பெரும்பாலும் நாய்க்காகத்தான். கட்டிப் போட்ட நாயால் ஓடவும் முடியாது.

அடுத்த முறை, கொழுந்து பறிக்கப் போகிற ஒரு அக்காவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் சரி என்று சொல்வதற்கு முன்பே கேட்க ஆரம்பித்துவிட்டார். "இருட்டினதும் உள்ள விட்டுடலாமா? இடி இடிச்சா பயப்படுமா? மாத்திரை ஏதும் உண்டா?" ஆள் இவர்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியும், நாங்கள் ஊரில் இருக்கும்போதே மணியை ஒரு ராத்திரி அவர் வீட்டில் விட்டுப் பார்த்தோம். புது இடத்தில் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்பது அதில்தான் தெரியும்.

கொடுக்கக்கூடாதவற்றை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன்: சாக்லேட், திராட்சை, வெங்காயம், நாம் காய்ச்சலுக்குப் போடுகிற பாராசிட்டமால். ஊட்டி சாக்லேட் நம் எல்லார் வீட்டிலும் கிடக்கும். பாசத்தில் ஒரு துண்டு கொடுத்துவிடுவார்கள், நாய்க்கு அது விஷம். அதே தாளில் கால்நடை மருத்துவரின் எண்ணும் இருந்தது. காட்டோரம் அவிழ்த்துவிட வேண்டாம் என்றும் சொன்னேன். பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பி நாயையும் பிடிக்கும்.

ஊசிச் சீட்டைக் காட்டாமல் நாயை ஒருவர் வீட்டில் விடுவது தப்பு. வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவதற்கென்றே 1907-இல் பாஸ்டர் நிலையம் தொடங்கிய குன்னூர் நமக்குப் பக்கத்து ஊர். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு வருஷா வருஷம் போட்டுவிட வேண்டும். அப்படியும் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

அப்புறம் பணம். "நாயைப் பார்க்கக் காசா?" என்று அக்கா கையை இழுத்துக்கொண்டார். நான் விடவில்லை. உதவியாக இருந்தால் நான் எதையும் வற்புறுத்திக் கேட்க முடியாது. அவருக்கும் முடியாத நாளில் முடியாது என்று சொல்ல வாய் வராது. ஒரு நாள் கூலியைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். இப்போது தயங்காமல் வாங்கிக்கொள்கிறார்.

நாங்கள் வெளியூரில் இருக்கிற நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் அக்காவிடமிருந்து போன் வந்துவிடும். "உள்ள வந்துட்டான் டீச்சர். கதவு சாத்தியாச்சு."

வணக்கம்.