அந்தக் கவருக்குள் என்ன இருக்கிறது?

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் 30 வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். இன்று உயிலைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உயில் என்றாலே "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று வீட்டில் வாயை அடைப்பார்கள். கொஞ்ச நேரம் கேளுங்கள்.

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர். உள்ளே நான்கு அடகுச் சீட்டு, ஓர் இன்சூரன்ஸ் ரசீது, மாமனார் பெயரில் வீட்டு வரி ரசீது. "அவரு போயி எட்டு மாசம் ஆச்சுங்க. ஃபைபர் படகுல பாதிப் பங்கு இருக்குன்னு சொல்வாரு. யார்கூடப் பங்குன்னு நான் கேட்டுக்கலையே" என்றார். அடகுச் சீட்டில் இரண்டு கெடு தாண்டியிருந்தன. நாள் முழுக்கக் கடலில் உழைத்த மனுஷன் சேர்த்தது எங்கே இருக்கிறது என்று பெண்டாட்டிக்கே தெரியவில்லை. எனக்கு மனசு ஆறவேயில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உயிலுக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பேங்க் கணக்கு, சீட்டு, அடகு, கைமாற்றாகக் கொடுத்தது, வாங்கியது, எல்லாவற்றையும் எழுதுங்கள். கடனை மறைக்காதீர்கள்.

அப்புறம் வீடு. கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் கீழ் போர்ஷனில் அண்ணன், மாடியில் தம்பி, பத்திரம் மட்டும் இன்னும் தாத்தா பெயரில் என்று எத்தனையோ வீடுகள். வீட்டு வரி ரசீதும் ஈபி கார்டும் வீட்டை உங்களுடையதாக்காது. மூலப்பத்திரத்தைத் தேடி எடுங்கள், சொத்தின் மேல் விற்பனை, அடமானம் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அரசு வாரியம் கட்டிக் கொடுத்த குடியிருப்பு என்றால் விற்பனைப் பத்திரம் உங்கள் பெயருக்கு ஆகிவிட்டதா என்று கேளுங்கள். உங்கள் பங்கு எதுவோ அதற்குத்தான் நீங்கள் உயில் எழுத முடியும்.

பேங்கில் நாமினி போட்டாச்சே என்பார்கள். நாமினி பணத்தை வாங்கலாம், ஆனால் வாரிசுகளுக்காகத்தான் வாங்குகிறார். உரிமை வாரிசுகளுக்கே.

உயில் இல்லாவிட்டால்? இந்து ஆண் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து 1956ஆம் வருஷச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சமமாகப் போகும். கட்டிக்கொடுத்த மகளுக்கும் அதே பங்குதான். "அதான் நகை போட்டுட்டோமே" என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது, எடுபடவும் கூடாது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. இஸ்லாமியர்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

சரி, உயிலை எதில் எழுதுவது? வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து வாங்கப்போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யத்தான் சொல்வேன். மனசு மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும்.

செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது, அப்படி இல்லை. எழுதிப் பதிவு செய்ததுமே சொத்து கைமாறிவிடும். பிள்ளை கேட்கிறான் என்று அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, என் கடைத் திண்ணையில் வந்து அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பார்த்துக்கொள்ளாவிட்டால் 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி ரத்து செய்யக் கேட்க அது கைகொடுக்கும்.

காசிமேட்டு அம்மாவின் படகுப் பங்கை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். துறைமுகத்தில் வலை பின்னும் பெரியவர் ஒருவருக்கு விவரம் தெரியுமாம். நாளைக் காலை அவரைப் பார்க்கப் போகிறோம். வணக்கம்.