பருத்திப் பாலில் மாட்டுப் பாலுக்கு என்ன வேலை?

வணக்கம் மக்களே! ஜிகர்தண்டா வீடியோ போட்டதிலிருந்து பருத்திப் பால் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இன்றைக்குப் பேசியே ஆக வேண்டும், எனக்கு அவ்வளவு கோபம்.

நேற்று இங்கே சென்னையில் ஒரு கடையில் 'மதுரை பருத்திப் பால்' என்று போர்டு. ஆசையாகப் போனேன். மண் குவளை, மேலே பிஸ்தா சீவல், விலை 120 ரூபாய். குடித்தால் பசும்பால், சர்க்கரை, ஏலக்காய், அவ்வளவுதான். 120 ரூபாய் மக்களே! நாங்கள் மதுரை சிம்மக்கல்லில் இருந்தபோது அஞ்சு ரூபாய்க்கு டம்ளர் நிறையக் கிடைத்தது. சரி, அது அந்தக் காலத்து விலை, விலைவாசி ஏறத்தான் செய்யும். ஆனால் 120 வாங்குகிறவர் அதில் பருத்திக்கொட்டையையாவது போட வேண்டாமா? இதில் மாட்டுப் பாலுக்கு வேலையே கிடையாது. கொட்டையை ஆட்டிப் பிழிந்தால் வருவதுதான் பால்.

அங்கே எங்கள் தெரு முனைக்குச் சாயங்காலம் தள்ளுவண்டி வந்துவிடும். பெரிய பித்தளைப் பாத்திரம், கீழே தணல். அந்த அண்ணன் அகப்பையால் அடிவரை துழாவி ஊற்றி, தேங்காய்ப்பூவும் ஒரு சிட்டிகை சுக்குப்பொடியும் தூவிக் கொடுப்பார். கருப்பட்டி நிறம், கஞ்சிப் பதம், தொண்டையில் இறங்கும்போது சுக்குக் காரம். டம்ளர் அடியில் தங்கிய தேங்காயை விரலால் வழித்துச் சாப்பிடாமல் நான் கிளம்பியதே இல்லை. கீழமாசி வீதியில் மூட்டை இறக்குகிறவர்கள் இதைக் குடித்துவிட்டுத்தான் அடுத்த லாரிக்குப் போவார்கள். வயிறு தாங்கும். சளி பிடித்தால் அம்மா என்னை முதலில் அனுப்புவதும் அந்த வண்டிக்குத்தான்.

கடுப்பில் இன்று நானே செய்துவிட்டேன். கொட்டைக்குப் பாரிமுனைப் பக்கம் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு பெரியவர் உள்ளேயிருந்து சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார் பாருங்கள், எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது!

இராத்திரி ஊறவைத்து, காலையில் பஞ்சும் தூசியும் போக நன்றாகக் கழுவி, தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிய வேண்டும். வடிகட்டி போதாது, கறுப்புத் தோல் இறங்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது பாலும் எடுக்கலாம். ஊறவைத்த பச்சரிசியை அரைத்துக் கலந்து, சிறு தீயில் கை எடுக்காமல் கிண்டுங்கள். பச்சை வாசனை போய்க் கெட்டியானதும் கருப்பட்டிப் பாகை வடிகட்டி ஊற்றி, சுக்கு, ஏலக்காய் போட்டு இறக்குங்கள். வெல்லமும் போடலாம். எனக்குக் கருப்பட்டிதான்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேனே. விதைப்புக்கு விற்கிற பருத்தி விதையை வாங்கிவிடாதீர்கள். அதில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள், சாயம் ஏறியிருக்கும். சாப்பிடுவதற்கு என்று கேட்டு வாங்குங்கள். அரிசி மாவு கலந்த பிறகு அடுப்பை விட்டு நகரவும் வேண்டாம், கட்டி தட்டிவிடும்.

சித்தரத்தை போடலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். எங்கள் வண்டிக்கார அண்ணன் போட மாட்டார், அதனால் நானும் போடவில்லை. உங்கள் தெருவில் எப்படி என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோ முள்ளுமுருங்கை வடை, பொடி தூவினதுதான். வரட்டுமா!