ராத்திரியில் யார் விழித்திருப்பது?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்ததும் காதில் விழுகிற முதல் பேச்சு எடையைப் பற்றியோ தடுப்பூசியைப் பற்றியோ இருக்காது. "இன்னா நர்சம்மா, ராவெல்லாம் கத்துது. பால் பத்தலபோல" என்பார் பாட்டி. பெற்றவள் சுவரோரமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். அடுத்த முறை போனால் அலமாரியில் பால் பவுடர் டப்பா இருக்கும்.

குழந்தை ராத்திரியில் எழுந்திருப்பதை வைத்துப் பால் போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அதன் வயிறு சிறியது, தாய்ப்பால் சீக்கிரம் செரிக்கும். பகலும் இரவும் சேர்த்து 8 முதல் 12 முறை குடிப்பது வழக்கம்தான். இது பகல், இது இரவு என்று உடம்புக்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதம் ஆகும். நடுவில் மூன்றாவது வாரம், ஆறாவது வாரம் வாக்கில் திடீரென்று விடாமல் கேட்கும். சில நாளில் தணிந்துவிடும். பால் போதுகிறதா என்று தெரிய வேண்டுமானால், எடை ஏறுகிறதா, முதல் வாரம் தாண்டிய குழந்தை 24 மணி நேரத்தில் 6 தடவையாவது சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் டப்பாவுக்கு வேலையில்லை.

பாலைச் சுரக்கவைக்கிற புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். 'ராத்திரி மட்டும் புட்டிப்பால் கொடுத்துவிடலாம், பாவம் அவள் தூங்கட்டும்' என்று ஆரம்பித்தால், கொஞ்ச நாளில் பகல் பாலும் குறையும். பாலாற்று மணலில் தோண்டும் ஊற்று மாதிரிதான், அள்ள அள்ளத்தான் ஊறும்.

அப்புறம் நம் ஊர் வெயில். கத்திரியில் மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் காய்ந்து, இரவு முழுக்க அனலை உள்ளே இறக்கும். குழந்தைக்குத் தொண்டை வறளுமே என்று தண்ணீர் ஊட்டுகிறார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் வரை சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். தாகத்துக்காகக் கூடுதலாக ஒரு தடவை எழுந்து குடிக்கும், குடிக்கட்டும். தொப்பி, காலுறை, கம்பளி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். கொசுவலை மட்டும் இருக்க வேண்டும். சொம்பு நிறையத் தண்ணீர் வைக்க வேண்டியது தாயின் தலைமாட்டில்.

தூங்கவைக்க என்று வசம்பு உரைத்து ஊட்டுவது, கிரைப் வாட்டர், நாக்கில் தேன் தடவுவது, தெருவில் வரும் கழுதைப் பால் ஒரு சங்கு, இவை எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. காய்ச்சாத பாலில் கிருமி இருக்கும். நாலாம் மாதமே கேழ்வரகுக் கஞ்சி ஊற்றினால் விடிய விடியத் தூங்கும் என்பதும் சும்மா பேச்சு.

சரி, குழந்தை எழுந்திருக்கத்தான் செய்யும். நான் வீடு வீடாகச் சொன்னது ஒன்றுதான்: குழந்தையைத் தூங்கவைக்கப் போராடாதீர்கள், பெற்றவளைத் தூங்கவையுங்கள். பால் கொடுப்பது ஒன்றுதான் அவளால் மட்டும் முடிகிற வேலை. ஈரத்துணி மாற்றுவது, தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, தூளி ஆட்டுவது எல்லாம் யாரும் செய்யலாம். இரவு ஏழரைக்கே அவளுக்குச் சோறு போட்டு, எட்டு மணிக்குப் பால் கொடுத்ததும் படுக்க அனுப்புங்கள். பத்தரை, பதினொன்று வரை மாமியாரோ அம்மாவோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். பசித்து அழுதால் மட்டும் எழுப்பினால் போதும். இராணிப்பேட்டை பக்கம் இரண்டாம் ஷிப்ட் முடித்து வருகிற அப்பா எப்படியும் உடனே தூங்கப்போவதில்லை, கைப்பேசியைத்தான் பார்ப்பார். அந்த நேரத்துக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ளட்டுமே! 'ஆம்பளைக்கு இதெல்லாம் பழக்கமில்லை' என்பார்கள். அவளுக்கும் போன மாதம் வரை பழக்கமில்லை.

இரவில் டியூப் லைட் போடாதீர்கள், சின்ன விளக்கு போதும். கொஞ்சல், பேச்சு, டிவி எதுவும் வேண்டாம். பகலில் வெளிச்சமும் வீட்டுச் சத்தமும் இருக்கட்டும். இரவு எது என்று குழந்தைக்குத் தானாகவே பழகும்.

படுத்தபடி பால் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் மிரட்டுவார்கள். ஆபரேஷன் ஆனவளுக்கு இரவில் நாலு முறை எழுந்து உட்காருவது எவ்வளவு வலி தெரியுமா? ஒருக்களித்துப் படுத்து, குழந்தையைத் தன் பக்கம் திருப்பிக் கொடுக்கலாம். குடித்து முடித்ததும் மல்லாந்து படுக்கவைக்க வேண்டும். கெட்டியான பாய் நல்லது, பக்கத்தில் தலையணை கூடாது. நாற்காலியிலோ சோபாவிலோ பிள்ளையோடு கண்ணசந்துபோவதுதான் மோசம். குடித்துவிட்டு வருபவரோ பீடி, சிகரெட் பிடிப்பவரோ அந்தப் படுக்கையில் படுக்கவே கூடாது. இதில் எனக்குத் தாட்சண்யம் கிடையாது.

எழுந்திருக்காத குழந்தையையும் கவனியுங்கள். முதல் இரண்டு வாரம் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். எடை குறைந்து பிறந்ததற்கு இன்னும் அடிக்கடி. மூன்று மாதத்துக்குள் உடம்பு 100.4 டிகிரிக்கு மேல் சுட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, உள்ளங்கை மஞ்சளானாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுதுகொண்டு, இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கிளம்பாதீர்கள். அது மருந்தில் குணமாகும் நோய். பிள்ளையை ஏதாவது செய்துவிடுவாளோ, தன்னையே ஏதாவது செய்துகொள்வாளோ என்ற பயம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். கணவரே கூடப் போவது நல்லது. குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள், நடுவில் பால் கொடுக்க வேண்டியிருக்கும். வணக்கம்.