ப்டே மகா ஸ்கா: ஓர் ஏரியின் பெயரும் டகோட்டா மக்களின் தாயக உரிமையும்

[திரையில்: மினியாபொலிஸ் நகரின் வரைபடம். தென்மேற்கில் உள்ள ஏரிகள் மட்டும் நீல நிறத்தில்.]

வணக்கம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரின் தென்மேற்குப் பகுதியில், அந்நகரின் ஏரிகளிலேயே மிகப் பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரைகளில் வாழ்ந்த பூர்வகுடிகளான டகோட்டா மக்கள் அதனை ப்டே மகா ஸ்கா, அதாவது வெண்மண் ஏரி, என்று அழைத்து வந்தார்கள். ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசு வரைபடங்களில் அது கால்ஹூன் ஏரி என்றே அச்சிடப்பட்டது. 2018ஆம் ஆண்டில் மாநில அரசும் பின்னர் கூட்டாட்சி அரசும் டகோட்டாப் பெயரை அதிகாரப்பூர்வமாக ஏற்றன. அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

ஒரு பெயர்ப் பலகைக்காக ஏன் இவ்வளவு பெரிய போராட்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இடப்பெயரை மீட்பது டகோட்டா மக்களுக்குக் காட்டப்படும் மரியாதை மட்டுமன்று, அவர்களது தாயக உரிமையின் ஒரு பகுதி என்பதே இந்த வீடியோ முன்வைக்கும் கருத்து. ஆகவே அந்த மீட்பு பலகையோடு நின்றுவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறோம்.

[திரையில்: மினசோட்டா ஆறும் மிசிசிப்பி ஆறும் சேருமிடம், வான்வழிக் காட்சி.]

டகோட்டா மக்கள், ஒச்செத்தி சகோவின் எனப்படும் ஏழு சபைத் தீக்களின், அதாவது ஏழு மக்கட்பிரிவுகளின், கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள். வெளியார் இந்தக் கூட்டமைப்பையே ‘சூ’ என்று குறிப்பிட்டனர். இதில் கிழக்கே வாழ்ந்த நான்கு பிரிவினரின் தாயகம், இன்றைய மினசோட்டாவின் தென்பாதியையும் அதற்கு அப்பாலும் பரந்திருந்தது. மினசோட்டா ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்தை அவர்கள் ப்டோட்டே என்று அழைக்கிறார்கள். தங்கள் இனம் இந்த மண்ணில் தோன்றிய இடமாக அதைக் கருதுவோர் டகோட்டா மக்களில் பலர் உள்ளனர். இன்று அதே இடத்தில் வரைபடங்கள் காட்டுவது ஃபோர்ட் ஸ்னெல்லிங் என்னும் இராணுவக் கோட்டையை.

அந்தக் கோட்டைக்கான நிலம் எப்படிக் கைமாறியது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 1805ஆம் ஆண்டு செப்டம்பரில் செபுலன் பைக் என்ற இராணுவ அதிகாரி, இரு ஆறுகளும் சேருமிடத்தில் உள்ள தீவில் டகோட்டாத் தலைவர்களைச் சந்தித்தார். அங்கிருந்த ஏழு தலைவர்களில் இருவர் மட்டுமே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நிலத்தின் விலை எழுத வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டது. அந்த நிலம் 2 லட்சம் டாலர் பெறும் என்று பைக்கே மதிப்பிட்டிருந்தும், 1808இல் செனட் அந்த வெற்றிடத்தில் நிரப்பிய தொகை 2,000 டாலர். ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் நிலத்துக்கு அதுவே விலையானது. கையெழுத்திட்டவர்கள் எதைத் தருவதாக எண்ணிக் கையெழுத்திட்டார்கள் என்பது இன்றும் விவாதத்துக்குரிய கேள்வி. வேட்டையாடவும் கடந்து செல்லவும் தங்களுக்கு உரிமை தொடரும் என்ற வாசகம் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

1819இல் கோட்டைக்காகப் படையினர் வந்து சேர்ந்தனர். அப்போது அமெரிக்காவின் போர்த்துறைச் செயலராக இருந்தவர் ஜான் சி. கால்ஹூன். ஏரிக்கு அந்தப் பெயர் வந்தது அவர் வழியாகத்தான். அவர் அந்தக் கரையில் வாழ்ந்தவரும் அல்லர், அந்த மக்களுக்கு நன்மை செய்தவரும் அல்லர். தெற்கு கரோலினாவின் அரசியல்வாதியான அவர், பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவராகவும் செனட்டராகவும் இருந்தவர். அடிமை முறை நன்மை பயப்பது என்று 1837இல் செனட் சபையிலேயே வாதிட்டவர். (அதே ஆண்டுகளில் ஃபோர்ட் ஸ்னெல்லிங்கில் அடிமையாக வைக்கப்பட்டிருந்தவர்களுள் டிரெட் ஸ்காட்டும் ஒருவர். தம் விடுதலைக்காக அவர் நடத்திய வழக்கில் 1857இல் வந்த தீர்ப்பு அமெரிக்காவையே உலுக்கியது.)

கால்ஹூனின் பெயர் ஏரியின் மேல் படிந்துகொண்டிருந்த காலத்தில், அதன் கரையில் டகோட்டா ஊர் ஒன்று இருந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. மஹ்பியா விச்சாஷ்டா, ஆங்கில வழக்கில் கிளவுட் மேன், என்ற தலைவர் 1829இல் அங்கே ஹேயாட்டா ஒத்துன்வே என்ற ஊரை நிறுவினார். வேட்டையை மட்டும் நம்பியிருந்தால் தம் மக்கள் பசியில் வாட நேரும் என்று உணர்ந்த அவர், மக்காச்சோளம் உள்ளிட்ட பயிர்களைப் பெருமளவில் விளைவிக்கும் குடியிருப்பாக அதை வளர்த்தார். 1834இல் அங்கு வந்த சாமுவேல் பாண்ட், கிடியன் பாண்ட் என்னும் சகோதரர்கள் அவ்வூர் மக்களிடமிருந்தே டகோட்டா மொழியைக் கற்று, அதற்கான எழுத்து முறையை உருவாக்கினார்கள். டகோட்டா மொழிக்கு எழுத்து வடிவம் கிடைத்த வரலாற்றில் இந்த ஏரிக்கரைக்கு நேரடிப் பங்கு உண்டு. 1839இல் அந்த ஊர் கைவிடப்பட்டது. மருத்துவராகவும் எழுத்தாளராகவும் புகழ்பெற்ற சார்லஸ் ஈஸ்ட்மன், அந்தத் தலைவரின் கொள்ளுப் பேரர்.

[திரையில்: 1805, 1837, 1851, 1858 என்ற ஆண்டுகள் ஒவ்வொன்றாகத் தோன்ற, டகோட்டா நிலப்பரப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது.]

1837இல் மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த நிலம் போனது. 1851இல் டிராவர்ஸ் டி சூ, மெண்டோட்டா என்ற இரு இடங்களில் கையெழுத்தான ஒப்பந்தங்களால் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் ஏக்கர் போனது. டிராவர்ஸ் டி சூவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தலைவர்களிடம் இன்னொரு தாளிலும் கையெழுத்து வாங்கப்பட்டது. அதுவும் ஒப்பந்தத்தின் நகலே என்று நம்பிக் கையெழுத்திட்டவர்கள் பலர். வணிகர்கள் உரிமை கோரிய கடன்களுக்காக டகோட்டாக்களுக்குரிய பணத்தைத் திருப்பிவிடும் தாள் அது. மினசோட்டா ஆற்றின் கரையோரமாக ஒடுங்கிய நிலப்பட்டை மட்டுமே அவர்களுக்கு எஞ்சியது. 1858இல் அதிலும் ஆற்றுக்கு வடக்கே இருந்த பாதி போனது.

1862 கோடையில், பெற்ற நிலத்துக்காக அரசு தர வேண்டிய ஆண்டுத் தொகை வந்து சேரவில்லை. உணவுக் கிடங்குகளில் பொருள் இருந்தும் வழங்கப்படவில்லை. பசியும் ஏமாற்றமும் முற்றிய நிலையில் ஆகஸ்ட் மாதத்தில் போர் மூண்டது. நூற்றுக்கணக்கான குடியேறிகள் அதில் கொல்லப்பட்டார்கள், டகோட்டாக்களும் மாண்டார்கள். டகோட்டாக்களில் பலர் அந்தப் போரை எதிர்த்தார்கள் என்பதும், போரில் சேராதவர்கள் பலர் குடியேறிகளைக் காப்பாற்றினார்கள் என்பதும் வரலாற்றுப் பதிவுகளில் உண்டு. ஆனால் தண்டனை எல்லோர் மீதும் விழுந்தது. சில நிமிடங்களே நீடித்த விசாரணைகள் உட்பட, வழக்கறிஞர் எவரும் இன்றி நடந்த இராணுவ விசாரணைகளின் முடிவில் 303 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் லிங்கன் அப்பட்டியலைக் குறைத்த பிறகும், 1862 டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நிறைவேற்றப்பட்ட மிகப் பெரிய மரண தண்டனை அது.

அதே குளிர்காலத்தில் ஏறத்தாழ 1,600 டகோட்டாக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ஃபோர்ட் ஸ்னெல்லிங்கின் அடிவாரத்தில் வேலியிட்ட முகாமில் அடைக்கப்பட்டார்கள். தங்கள் இனம் தோன்றிய இடம் என்று அவர்கள் போற்றிய அதே ப்டோட்டேயில், நோயாலும் குளிராலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1863இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டங்கள் ஒப்பந்தங்களை ரத்து செய்து, டகோட்டாக்களை மாநிலத்தை விட்டே வெளியேற்றின. டகோட்டாக்கள் அழித்தொழிக்கப்பட வேண்டும் அல்லது எல்லைக்கு வெளியே நிரந்தரமாகத் துரத்தப்பட வேண்டும் என்று அறிவித்தவர் அன்றைய ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சே. மாநிலத் தலைநகரம் அமைந்துள்ள கவுண்டி, அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு, இன்றும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1858இல் தனி மாநிலமானபோது அது ஏற்றுக்கொண்ட மினசோட்டா என்ற பெயர் டகோட்டாப் பெயர்தான். மன்கேட்டோ, ஷாக்கொபி, வபாஷா, வினோனா, சாஸ்கா என அங்குள்ள ஊர்ப்பெயர்கள் பலவும் டகோட்டாவிலிருந்து வந்தவையே. பெயரை வைத்துக்கொண்டு மக்களை வெளியேற்றிய மாநிலம் அது. டகோட்டாப் பெயர்கள் வாயில் நுழையாதவை என்ற வாதத்தை இதற்குப் பிறகும் எப்படி ஏற்பது?

[திரையில்: ஏரிக்கரைப் பலகை. முதலில் ஒரு பெயர், பின்னர் இரண்டு பெயர்கள், பின்னர் டகோட்டாப் பெயர் மட்டும்.]

ஏரியின் பெயர் எப்படி மீண்டது என்பதற்கு வருவோம். கிளவுட் மேனின் வழித்தோன்றல்களான கேட் பீன், கார்லி பேட் ஹார்ட் புல் என்னும் சகோதரிகளும் அவர்கள் குடும்பத்தினரும் இந்த முயற்சியில் முன்னின்றார்கள். 2015இல் நகரப் பூங்கா வாரியம் பலகைகளில் டகோட்டாப் பெயரையும் சேர்த்தது. 2017இல் அவ்வாரியம் பெயர் மாற்றத்தை ஆதரித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஹென்னெப்பின் கவுண்டி வாரியம் நான்குக்கு மூன்று என்ற வாக்குகளில் ஒப்புதல் அளித்தது. 2018 ஜனவரியில் மாநில இயற்கை வளத் துறை ஆணை பிறப்பித்தது.

ஏரிக்கரைவாசிகள் சிலர் நீதிமன்றம் சென்றார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வழங்கிவரும் ஏரிப் பெயரை மாற்ற முடியாது என்று மாநிலச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. அதைக் காட்டி 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெயர் மாற்றத்தைச் செல்லாது என்றது. ஆனால் அந்தத் தடை கவுண்டி வாரியங்களையே கட்டுப்படுத்தும், துறை ஆணையரைக் கட்டுப்படுத்தாது என்று 2020 மே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு இந்த ஓர் ஏரியைத் தாண்டியும் முக்கியமானது என்பது எங்கள் கருத்து. நாற்பது ஆண்டுத் தடை எல்லோருக்கும் பொருந்தும் என்று ஆகியிருந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் திணிக்கப்பட்ட எந்தப் பெயரையும் வழக்கமான நிர்வாக வழியில் மாற்ற முடியாமல் போயிருக்கும்.

பெயரை மாற்றினால் வரலாறு அழிந்துவிடும் என்ற எதிர்ப்பு நேர்மையாகவே சிலரால் சொல்லப்படுகிறது. அதற்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். கால்ஹூன் என்ற பெயர் ஆவணங்களிலும் நூல்களிலும் அப்படியே இருக்கிறது, அதை யாரும் நீக்கவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் ஊரும் வயலும் இருந்த இடத்தில் அவர்கள் இருந்ததற்கான அடையாளமே தெரியாதபடி செய்தது முந்தைய பெயர் மாற்றம்தான்.

இதே எதிர்ப்பு வேறிடத்திலும் எழுந்தது. 2017இல் மினசோட்டா வரலாற்றுச் சங்கம் ஃபோர்ட் ஸ்னெல்லிங் பலகையில் ‘ப்டோட்டேயில்’ என்ற சொல்லைச் சேர்த்தது. கோட்டையின் பெயரை நீக்கவில்லை. அது எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே சொன்னது. அதற்கே 2019இல் மாநில செனட் சபையில் சங்கத்தின் நிதியைக் குறைக்க முன்மொழியப்பட்டது.

[திரையில்: மினசோட்டா ஆற்றுப் பள்ளத்தாக்கு, புல்வெளி.]

இனி நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். இன்று மினசோட்டாவில் கூட்டாட்சி அங்கீகாரம் பெற்ற நான்கு டகோட்டாச் சமூகங்கள் உள்ளன. துரத்தப்பட்டவர்களின் சந்ததியினர் தெற்கு டகோட்டா, வடக்கு டகோட்டா, நெப்ராஸ்கா மாநிலங்களிலும் கனடாவிலும் வாழ்கிறார்கள். 2021இல் வரலாற்றுச் சங்கம் தன் பொறுப்பில் இருந்த ஏறத்தாழ 114 ஏக்கரை அந்த நான்கில் ஒன்றான லோயர் சூ சமூகத்திடம் திருப்பி அளித்தது. 1862 போர் தொடங்கிய இடம் அதில் அடங்கும். அப்பர் சூ ஏஜென்சி என்ற மாநிலப் பூங்காவோ இதைவிடப் பெரியது. உணவு மறுக்கப்பட்டுப் பசியால் இறந்த டகோட்டாக்களின் கல்லறைகள் உள்ள நிலத்தில் மக்கள் பொழுதுபோக்குவதும், அதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கப்படுவதும் தகாது என்று அப்பர் சூ சமூகத்தின் தலைவர் கெவின் ஜென்ஸ்வோல்ட் பல ஆண்டுகள் முறையிட்டார். 2023இல் சட்டமன்றம் இசைந்தது. 2024இல் ஏறத்தாழ 1,300 ஏக்கர் அச்சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பூங்கா மூடப்பட்டால் சுற்றுலா வருமானம் குறையும் என்ற அக்கம்பக்கத்து ஊர்களின் கவலை உண்மையானதே. அதைச் சரிசெய்யும் கடமை மாநில அரசுக்கு உரியது, நிலத்தை இழந்தவர்களுக்கு உரியதன்று.

மினியாபொலிஸ் நகரின் நடுவே மிசிசிப்பியில் உள்ள அருவிக்கும் இதே நிலைதான். டகோட்டாக்கள் ஓவாம்னியோம்னி என்று அழைக்கும் அதற்கு 1680இல் லூயி ஹென்னெப்பின் என்ற பாதிரியார் புனித அந்தோணியாரின் பெயரை இட்டார். ஆலைகளும் அணைகளும் அருவியைச் சிமெண்டுக்குள் அடைத்தன. அருவிக்குக் கீழே டகோட்டாக்கள் புனிதமாகக் கருதிய தீவு ஒன்று கல்லுக்காக வெட்டப்பட்டு, இறுதியில் படகுப் போக்குவரத்துக்காக முற்றிலும் அகற்றப்பட்டது. 2015இல் அங்கிருந்த மேல் நீர்ப்பூட்டு (படகுகளை ஏற்றி இறக்கும் அமைப்பு) மூடப்பட்டது. டகோட்டாக்கள் தலைமையேற்கும் ஓவாம்னியோம்னி ஒக்ஹோதயாபி என்ற அமைப்பு அந்தக் கரையைப் பெறவும், பூர்வீகத் தாவரங்களையும் நீரோட்டத்தையும் மீட்கவும் பாடுபட்டு வருகிறது. பெயரும் நிலமும் அதைப் பேணும் பொறுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும் என்று நாங்கள் சொல்வதன் பொருள் இங்கே மிகத் தெளிவாகத் தெரிகிறது.

மினசோட்டாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இந்தக் காணொளியைப் பார்க்கக்கூடும். அம்மாநிலச் சட்டப்படி, ஒரு நீர்நிலையின் பெயரை மாற்றக் கோரும் மனுவை வாக்காளர்கள் பதினைந்து பேர் கவுண்டி வாரியத்திடம் அளிக்கலாம். அதன்பின் பொது விசாரணை நடக்கும்; அங்கே எவரும் பேசலாம். எந்தப் பெயரை மீட்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை டகோட்டாச் சமூகங்களுக்கே உரியது. ஆகவே அவர்களைக் கேட்ட பிறகே மனுவில் கையெழுத்திட வேண்டும். அடுத்த முறை ஒரு பூங்கா நிலம் பற்றிய மசோதா சட்டமன்றத்துக்கு வரும்போது, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதும் கடிதத்தில் அந்த இடத்தை அதன் டகோட்டாப் பெயரால் குறிப்பிட்டு, அந்த நிலம் யாரிடம் செல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.