மருதோன்றி இட்ட நாளில் கண்ட கரும்புள்ளி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து, ஓய்வு பெற்ற பின் பிள்ளைகளோடு பிரிஸ்பேனில் குடியேறியவள் நான். வைத்தியம் படித்தவள் அல்லேன். என் மூத்த மருமகளுக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் இருப்பது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு தெரியவந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் நாங்கள் கண்டவற்றையும் கற்றவற்றையும், அவளுடைய சம்மதத்துடன், உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

உலகிலேயே மெலனோமா மிகுதியாகக் காணப்படும் நாடுகள் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். இந்நாட்டுக்குள் நாங்கள் வாழும் குவீன்ஸ்லாந்து மாநிலம் முன்னிற்கிறது. மேகம் மூடிய பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் வாழ்ந்தவர்களின் வெளிறிய தோலுக்கு இந்த மண்ணின் கதிர்கள் பொருந்தவில்லை. ஆகவே இது வெள்ளையர்களின் நோய் என்று நம்மவர் பலர் ஒதுக்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்த வெளிறிய தோலுடைய மருமகள்களும் மருமகன்களும் இன்று நம் வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களுடைய நிறத்தையும் நம்முடைய நிறத்தையும் பங்கிட்டுக்கொண்ட பேரப்பிள்ளைகள் நம் மடியில் வளர்கிறார்கள். என் மருமகள் கோல்ட் கோஸ்ட் கடற்கரையில் வளர்ந்த பெண். விடுமுறை நாட்களில் காலை முதல் மாலை வரை மணலில் கிடந்தோம் என்று தன் சிறுவயதைப் பற்றிச் சொல்வாள்.

அந்தப் புள்ளியை நான் கண்ட விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் சொல்ல வந்த விடயம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. என் இளைய மகளின் திருமணத்துக்கு முந்திய வாரம், அயல்வீட்டுத் தோட்டத்திலிருந்து மருதோன்றி இலை பறித்து வந்து, நன்றாக அரைத்து, தேசிக்காய்ப் புளி சில துளிகள் விட்டு வைத்திருந்தேன். மருமகளுக்கு மருதோன்றி என்றால் மிகுந்த விருப்பம். கைகளுக்கு இட்டு முடித்த பின், "மாமி, காலுக்கும் போட்டுவிடுங்கள்" என்றாள். குதிக்காலைச் சுற்றி இடுவதற்காக அவளைப் பாயில் குப்புறப் படுக்கச் சொன்னேன். அப்போதுதான் இடது காலின் கெண்டைச் சதையில், முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, அந்தப் புள்ளியைக் கண்டேன். அவளுடைய கால் முழுவதும் தவிட்டு நிறப் புள்ளிகள் உண்டு. அவற்றையெல்லாம் நான் அறிவேன். இது அவற்றைப் போல இருக்கவில்லை. ஒரு பாதி கபிலமாகவும் மறுபாதி கறுப்பாகவும் இருந்தது. ஓரம் வட்டமாக இல்லாமல், ஈரக் கடதாசியில் மை ஊறியது போலக் கோணலாகப் பரவியிருந்தது. முந்திய ஆண்டுத் தீபாவளிக்கும் இதே காலுக்கு இதே கையால் மருதோன்றி இட்டவள் நான்; அன்று அது அங்கே இருக்கவில்லை.

"பிள்ளை, இது எப்போது வந்தது?" என்று கேட்டேன். "எது, மாமி?" என்றாள். அவளுக்கு அது தெரியவே தெரியாது. தன் கெண்டைக்காலைத் தானே பார்க்க யாரால் முடியும்? பெண்களுக்கு மெலனோமா அதிகம் தோன்றும் இடங்களில் கால் ஒன்று, ஆண்களுக்கு முதுகு. இரண்டும் தன் கண்ணுக்கு எளிதில் எட்டாத இடங்கள்.

இங்கே என் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். திருமண வீட்டில் நோயைப் பற்றிப் பேசக்கூடாது என்று எண்ணி, மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். சில வகை மெலனோமா சில மாதங்களிலேயே ஆழமாக இறங்கிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த மூன்று வாரங்களை நினைத்து நான் விழித்துக் கிடந்த இரவுகள் பல. ஆகவே உங்களிடம் இதை அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன்: உருவில் இரு பாதியும் ஒத்திராத, ஓரம் கோணலான, ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் கொண்ட, எல்லாவற்றுக்கும் மேலாக மாறிக்கொண்டே வருகிற ஒரு மச்சத்தை உங்கள் வீட்டார் எவரிடம் கண்டாலும், நல்ல நாள் கெட்ட நாள் பாராமல் அன்றே சொல்லிவிடுங்கள்.

குடும்ப வைத்தியர் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்துவிட்டு, புள்ளியை முழுவதுமாக வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். தோலுக்குள் அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே இந்த நோயில் முதற் கேள்வி, மில்லிமீற்றரில் அளப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த விடை 0.9. ஒரு மில்லிமீற்றர் என்பது கைவிரல் நகத்தின் தடிப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அத்தனை சிறிய அளவை வைத்து ஒரு குடும்பத்தின் வாழ்வு எடைபோடப்பட்டபோது, படித்தவன் என்று நான் பெருமைப்பட்ட என் மகன் வைத்தியர் சொன்னதில் ஒரு சொல்லையும் மனத்தில் வாங்கவில்லை. அதன் பின்பு ஒவ்வொரு சந்திப்புக்கும் நான் ஒரு கொப்பியோடு போனேன். கேட்க வேண்டியவற்றை முதல் நாள் இரவே மூவரும் இருந்து எழுதிக்கொள்வோம். சொல்லப்பட்டதை நான் தமிழில் எழுதுவேன், வீட்டுக்கு வந்து மகன் அதை அவளோடு ஆங்கிலத்தில் மீண்டும் பேசுவான். கலங்கியிருப்பவர்களின் காதில் பாதிதான் விழும். நோயாளியோடு கூடப் போகிறவர் மீதிப் பாதியைக் கேட்டு வர வேண்டும்.

பின்னர் வடுவைச் சுற்றி ஒரு சென்றிமீற்றர் அகலத்துக்குத் தோலை மேலும் வெட்டி எடுத்தார்கள். நோய் பரவுமானால் முதலில் போய்ச் சேரக்கூடிய நிணநீர்க் கணு, அதாவது நோயை எதிர்க்கும் சிறு முடிச்சு, எது என்று சாயம் செலுத்திக் கண்டறிந்து, தொடை இடுக்கிலிருந்து அதையும் எடுத்துச் சோதித்தார்கள். அதில் நோய் இல்லை என்று அறிய நாங்கள் காத்திருந்த நாட்களைத்தான் நான் மிகவும் கடினமான நாட்கள் என்பேன். "ஒன்றும் இராது, பயப்படாதே" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அன்பினால் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஒரு நாள் அவள், "மாமி, எல்லோரும் ஒன்றும் இராது என்றால், நான் பயப்படுகிறேன் என்பதை யாரிடம் சொல்வேன்?" என்று கேட்டாள். அதன் பின் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டு, அவள் பக்கத்தில் இருந்து, அவள் சொல்வதைக் கேட்கத் தொடங்கினேன். கால் வீங்காமல் தலையணை மேல் உயர்த்தி வைப்பது, பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வது, வருவோரிடம் ஒரே கதையை அவள் பத்து முறை சொல்ல நேராமல் வாசலில் நானே பதில் சொல்வது ஆகியவை என் பங்காயின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "வெயிலில் கிடந்ததால் வந்தது" என்று ஒரு உறவினர் அவள் முன்னாலேயே சொல்லிவிட்டார். அறிவியல்படி அதில் உண்மை இருக்கலாம். சிறுவயதில் தோல் வெந்து உரிந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை கடற்கரையில் விளையாடியதற்கு நாற்பது வயதில் அவளிடம் கணக்குக் கேட்பது எந்த நீதி? தமிழில் நாம் ஒருவரைப் பராமரிப்பதைப் 'பார்த்துக்கொள்வது' என்கிறோம். குற்றம் பார்ப்பதற்கு அந்தச் சொல்லில் இடமில்லை. அவளால் பார்க்க முடியாத முதுகையும் காலையும் நாம் பார்ப்பதுதான் பார்த்துக்கொள்வது. இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, நல்ல வெளிச்சத்தில், தலைமயிரை வகிர்ந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை அவளை நான் பார்க்கிறேன். பின்பு அவள் என்னைப் பார்க்கிறாள். இந்த நோய் கண்டவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் ஆபத்து கூடுதல் என்பதால், என் சம்பந்தி அம்மாவும் பேரப்பிள்ளைகளும் அந்த வரிசையில் உண்டு.

வெயிலைப் பற்றி நமக்கு இருக்கும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். தோலைக் கெடுப்பது சூடு அன்று, புற ஊதாக் கதிர். அதைக் கண்ணால் காண முடியாது, உடலால் உணரவும் முடியாது. மேகமூட்டமான, குளிர்ந்த நாளிலும் அது வரும். வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு சொல்லும் புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் என்றால் தோலுக்குக் காவல் வேண்டும்; பிரிஸ்பேனில் குளிர்காலத்து நடுப்பகலிலும் அது 3 ஐத் தாண்டும், கோடையில் 11 க்கும் மேலே போகும். உடையை அணி, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு என்று ஒரு கடற்பறவை பாடிய விளம்பரம் 1981 இல் இந்நாட்டில் தொடங்கியது. நிழலைத் தேடு, கறுப்புக் கண்ணாடி அணி என்ற இரண்டும் 2007 இல் சேர்ந்தன. களிம்பை நம்மில் பலர் திருநீறு போல மெல்லப் பூசுகிறோம். ஒரு கைக்கு ஒரு தேக்கரண்டி, ஒரு காலுக்கு ஒரு தேக்கரண்டி, உடலின் முன்புறம், பின்புறம், முகமும் கழுத்தும் என ஏழு தேக்கரண்டி வேண்டும். வெளியே போவதற்கு 20 நிமிடம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். எங்கள் வீட்டில் இது அவளுக்கு மட்டும் உரிய கட்டுப்பாடு அன்று. கோயில் தேரை நடுப்பகலில் பார்க்கப் போனாலும் நாங்கள் ஐவரும் அகன்ற தொப்பியோடு போகிறோம், அவள் தனித்துத் தெரியக்கூடாது என்பதற்காக.

நேரம் முடிகிறது என்று அறிவிப்பாளர் கைகாட்டுகிறார். நம்முடைய கறுத்த தோலைப் பற்றி இன்னும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நமக்கு மெலனோமா குறைவு, ஆனால் வரும்போது அது வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வரக்கூடும். பாடகர் பொப் மார்லியின் கால்விரலில் 1977 இல் கண்டறியப்பட்டது இவ்வகையே. 1981 இல் 36 வயதில் அவர் மறைந்தார். ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர்களின் உள்ளங்கால்களையும் பாருங்கள், நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு கண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். அவுஸ்திரேலியாவில் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆலோசனை இலக்கம் 13 11 20; தமிழில் பேச விரும்புவோர் முதலில் 13 14 50 ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நன்றி, வணக்கம்.