கறுப்பி வந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். விலங்குக் காப்பகத்துக்கு நாய் தேடி வருபவர்கள் உள்ளே நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன ஜாதி?" என்பதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு காப்பகத்தில் கறுப்பியைப் பார்த்தபோது நானும் அதையே கேட்டேன். "அம்மா தெருவில் இருந்தது, அப்பா யாரென்று யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார் அங்கிருந்த பணியாளர். மெலிந்த காலையும் கூரிய முகத்தையும் வைத்து அது சிப்பிப்பாறைக் கலப்பேதான் என்று நண்பர் ஒருவர் இன்றும் சாதிக்கிறார். தோற்றத்தைக் கொண்டு செய்யும் இத்தகைய ஊகங்கள் மரபணுச் சோதனையில் பல வேளைகளில் பொய்த்துப்போகின்றன என்பதை அவரிடம் நான் சொல்வதில்லை.

இனம் தெரிந்தால் குணம் தெரிந்துவிடும் என்பதே அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை. ஆனால் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வு, நாய்க்கு நாய் குணத்தில் காணும் வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டுக்கு மட்டுமே இனம் காரணமாகிறது என்று கண்டது. ஆகவே, கலப்பின நாயைத் தேடிப் போகிறவர்கள், குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், வளர்ந்த நாயையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் அது எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது, குழந்தைகளிடம் எப்படி நடந்துகொள்ளும், தட்டைத் தொட்டால் உறுமுமா என்பதெல்லாம் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கலப்பினத்துக்கு நோயே வராது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது பாதி உண்மைதான். 24 மரபுவழி நோய்களை ஒப்பிட்டு 2013இல் வெளியான கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வில், 10 நோய்கள் தூய இனங்களில் கூடுதலாகவும், 13 நோய்கள் இரண்டிலும் ஒரே அளவிலும், முழங்கால் தசைநார் அறுந்துபோகும் கோளாறு மட்டும் கலப்பினங்களில் கூடுதலாகவும் இருந்தன.

கறுப்பியின் இடது காது நுனியில் ஒரு சிறு வெட்டு இருக்கிறது. பார்ப்பவர்கள் சண்டையில் கடிபட்டதோ என்று பரிதாபப்படுகிறார்கள். உண்மையில் அது கருத்தடை அறுவை சிகிச்சையின்போது, மீண்டும் அதே நாயைப் பிடித்துவிடாதிருக்க இடும் அடையாளம். காப்பகத்தில் தந்த தடுப்பூசி அட்டையில் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி போட்ட தேதி இருந்தது. அதற்கடுத்த ஊசியைத் தவறாமல் போடுவதும், மாநகராட்சியில் உரிமம் பெறுவதும், உண்ணி இருக்கிறதா என்று காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் பார்ப்பதும் இனி நம் பொறுப்பு.

வந்த புதிதில் கறுப்பி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அழைத்தாலும் வரவில்லை, நாங்கள் தூங்கிய பிறகுதான் சாப்பிட்டது. உறவினர் வந்து கொஞ்ச முயன்றதையும், குளிப்பாட்டலாமே என்று என் மனைவி சொன்னதையும் நான் தடுத்தேன், அதில் சிறு மனத்தாங்கலும் வந்தது. இன்னொரு மனத்தாங்கல் அம்மாவோடு. மிச்சமான சாம்பார் சாதத்தைப் போடுவதுதான் நம் வீடுகளின் வழக்கம். ஆனால் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது, பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. "அந்தக் காலத்து நாயெல்லாம் தின்றதுதானே?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்லிப் பயனில்லை என்று கண்டு, கறுப்பிக்குத் தனிப் பாத்திரமும், மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்த கோழிச் சாதமும் என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

பத்தாம் நாள் காலை, நான் செய்தித்தாளைப் பிரித்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு மட்டும் வெளியே வந்தது. நான் தலையைத் திருப்பவில்லை. சற்று நேரத்தில் அது என் கணுக்காலை ஒருமுறை முகர்ந்துவிட்டு, செய்தித்தாளின் கீழே விழுந்திருந்த பக்கத்தின் மேல் சுருண்டு படுத்துக்கொண்டது. அன்றைய விளையாட்டுச் செய்தியை நான் படிக்கவே இல்லை.