பச்சை விளக்கை நம்பாதீர்கள்: ஃபயர் அலாரம் பேனலுக்குள் நடக்கும் தில்லுமுல்லு

(திரையில்: ஃபயர் அலாரம் பேனல். ஒரே ஒரு பச்சை விளக்கு.)

இந்தப் பேனலை நன்றாகப் பாருங்கள். பச்சை விளக்கு எரிகிறது. ஃபால்ட் இல்லை, பஸ்ஸர் கத்தவில்லை. இப்போது மூன்றாவது மாடியில் தீப்பிடித்தால் இது என்ன செய்யும் தெரியுமா? ஒன்றும் செய்யாது. மாடி எரியும்போதும் இதே பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு நிற்கும். காரணம், உள்ளே ஒளிந்திருக்கும் அரிசி மணி அளவு சாமான் ஒன்று.

அதற்கு முன் அடிப்படையை வேகமாக முடித்துவிடுவோம். புகையைப் பார்க்க டிடெக்டர், கையால் அழுத்த மேனுவல் கால் பாயிண்ட், ஊரைக் கூட்ட ஹூட்டர், எல்லாவற்றையும் கட்டி மேய்க்கப் பேனல். கன்வென்ஷனல் பேனல் எந்த ஸோன், அதாவது கட்டடத்தின் எந்தப் பகுதி என்று மட்டும் சொல்லும், அட்ரஸபிள் பேனல் எந்த டிடெக்டர் என்றே சொல்லும். பாடம் முடிந்தது.

சரி, அந்தச் சாமான். அதன் பெயர் எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர், லைனின் கடைசியில் கரண்டைக் கட்டுப்படுத்தி விடும் மின்தடை. கன்வென்ஷனல் பேனலிலிருந்து இரண்டு வயர் கிளம்பி, ஒவ்வொரு டிடெக்டராகத் தொட்டுக்கொண்டு போகும். கடைசி டிடெக்டரில் அந்த இரண்டு வயருக்கும் குறுக்கே இதைப் போடுவார்கள். 4.7 கிலோ ஓம், 6.8 கிலோ ஓம் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேனல் இரவு பகலாக அந்த வயரில் சில மில்லி ஆம்பியரை விட்டுக்கொண்டே இருக்கும். அது ரெசிஸ்டர் வரை போய்த் திரும்பினால் லைன் நலம். நின்றுபோனால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது (ஓப்பன் சர்க்யூட்), ஃபால்ட். சட்டென்று கூடினால் ஒரு டிடெக்டர் புகையைப் பார்த்துவிட்டது, ஃபயர்.

எனக்கு இந்த வித்தை அவ்வளவு பிடிக்கும். வாய்க்கால் உடையாமல் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கடைமடைக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டும், இல்லையா? இந்தப் பேனல் உட்கார்ந்த இடத்திலிருந்தே கடைமடையைப் பார்க்கிறது. அதுவும் கூடுதலாக ஒரு வயர்கூட இல்லாமல்!

இப்போது தில்லுமுல்லு. ஒருமுறை ஒரு அலுவலகக் கட்டடத்தில் பேனல் கதவைத் திறந்தேன். 'மூன்றாம் தளம்' என்று லேபிள் ஒட்டிய டெர்மினலில் வயரே இல்லை. ரெசிஸ்டர் மட்டும் திருகப்பட்டிருந்தது. அந்தத் தளத்து வயர் கறுப்பு டேப் சுற்றி, மூலையில் மடித்துச் செருகப்பட்டிருந்தது. என்ன நடந்திருக்கும்? ஃபால்ட் வந்திருக்கும். வயர் எங்கே அறுந்தது என்று ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்துத் தேட யாருக்கும் பொறுமை இல்லை. கடைமடை ரெசிஸ்டரைத் தலைமடையிலேயே மாட்டிவிட்டார்கள். பேனல் அனுப்பும் கரண்ட் இரண்டு விரல் தூரம் போய்த் திரும்பி வருகிறது. பேனலும் 'ஆஹா, மூன்றாம் தளம் அமோகம்' என்று பச்சை காட்டுகிறது. பாவம், அதற்கு என்ன தெரியும்!

ஒரு விஷயம், யாரோடும் சண்டைக்குப் போய்விடாதீர்கள். பயன்படுத்தாத ஸ்பேர் ஸோனில் ரெசிஸ்டர் பேனலிலேயே இருப்பது முறைதான். லேபிளைப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பிடிப்பது எப்படி? கட்டடத்தில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஸோனிலும் டிடெக்டர்களை ஒன்றொன்றாகப் பேஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். கழற்றிய இடத்தில் லைன் அறும், ஓரிரு நிமிடத்துக்குள் பேனல் ஃபால்ட் என்று அலற வேண்டும். அலறவில்லை என்றால் ரெசிஸ்டர் இடம் மாறியிருக்கலாம், அல்லது யாரோ நடுவில் கிளை பிரித்து வயர் இழுத்திருக்கலாம். கிளை அறுந்தாலும் பேனலுக்குத் தெரியாது. அட்ரஸபிள் லூப்பில் இந்தச் சூழ்ச்சி பலிக்காது. அங்கே பேனல் ஒவ்வொரு டிடெக்டரையும் கூப்பிட்டு 'உள்ளேன் ஐயா' கேட்கிற ஆசிரியர்.

இதுவரை பார்த்துவிட்டு இன்னும் லைக் போடவில்லை என்றால் உங்கள் லைனிலும் ஓப்பன் சர்க்யூட்தான்.

அடுத்து, எரியாத தீக்கு அடிக்கும் அலாரம். ஆப்டிகல் டிடெக்டருக்குள் ஓர் இருட்டறை இருக்கிறது. அதில் ஓர் ஒளி மூலமும் ஒரு சென்சாரும் ஒன்றையொன்று பார்க்காதபடி கோணலாக உட்கார்ந்திருக்கும். புகை நுழைந்தால் துகள்களில் பட்டு வெளிச்சம் சிதறும், சிதறியது சென்சாரில் விழும், அலாரம். ஆனால் தூசியும் குட்டிச் சிலந்தியும் அதே வேலையைச் செய்யும். ஒரு சிலந்தி நினைத்தால் மொத்தக் கட்டடத்தையும் படிக்கட்டில் இறக்கிவிடும்!

அப்போது எல்லோரும் செய்யும் தவறு, ஓடிப்போய் ரீசெட் அழுத்துவது. ஆட்களை வெளியேற்றித் தீ இல்லை என்று உறுதியான பிறகு ஹூட்டரை சைலன்ஸ் மட்டும் செய்யுங்கள். சிவப்பு விளக்கு விடாமல் எரியும் டிடெக்டரைத் தேடுங்கள், அதுதான் குற்றவாளி. ரீசெட் செய்தால் கன்வென்ஷனல் பேனலில் அந்தத் தடயம் அழிந்துவிடும். சுத்தம் செய்தபின் டெஸ்ட் ஸ்ப்ரே (புகைக்குப் பதிலாக அடிக்கும் சோதனை ஸ்ப்ரே) அடித்துப் பாருங்கள். லைட்டரைக் கொளுத்திக் கீழே காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனி வீடியோ போடுகிறேன்.

அடுத்து, கரண்ட் போனால் பேனலைத் தாங்கும் பேட்டரி: இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக, மொத்தம் 24. சார்ஜரில் இருக்கும்போது மல்டிமீட்டர் வைத்தால் செத்த பேட்டரியும் சார்ஜரின் வோல்ட்டைத் தன்னுடையதாகக் காட்டி 27 வோல்ட் என்று மார்தட்டும். மெயினை அணைத்து, ஹூட்டரை அடிக்கவிட்டு, அப்புறம் அளந்தால் குட்டு உடையும்.

கடைசியாக எர்த் ஃபால்ட், அதாவது வயரின் கரண்ட் எர்த்துக்குக் கசிவது, என் பரம எதிரி. மழை பெய்தால் வரும், டெக்னீஷியன் வந்தால் போய்விடும். ஈரம் ஏறிய ஜங்ஷன் பாக்ஸ், தோல் உரிந்து இரும்புக் குழாயில் உரசும் வயர், இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஃபால்ட் இருக்கும்போதே லைன்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்கு அணைகிறதோ அந்த லைனைப் பாதிபாதியாகப் பிரித்து, எர்த்துக்கும் வயருக்கும் நடுவே அளந்துகொண்டே போங்கள். நான் ஒருமுறை இரண்டு நாள் அலைந்து கண்டுபிடித்தது, விளம்பரப் பலகை மாட்ட அடித்த ஓர் ஆணி. உங்களுக்கு எங்கே கிடைத்தது? கமெண்டில் எழுதுங்கள்.